தொலைந்த காட்டைத் தாண்டி டெக்கு மரம் வரை: ஒரு ஹைரூல் நடைப்பயணம்

வியாழன் – காலக் கோயில் வாசல்

ஹைரூல் நாட்டின் நடுவில் ஒரு பாழடைந்த கோட்டை. அதற்கு வடக்கே, சுற்றிலும் ஆழமான பள்ளம் சூழ்ந்த ஒரு காடு. காட்டுக்குள் எப்போதும் மூடுபனி. அதைத் தாண்டிப் போனால் உச்சியெல்லாம் இளஞ்சிவப்புப் பூவாக ஒரு மரம் நிற்கிறது. அது பேசும். பெயர் டெக்கு மரம். அங்கே கால்நடையாகப் போய்ச் சேர்வதுதான் இந்தத் தொடர்.

இதெல்லாம் ஒரு வீடியோ விளையாட்டின் உலகம். அதன் பெயர் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்'. நின்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச் 3 அன்று வெளியிட்டது. விளையாடாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: கேனன் என்ற பேரழிவு நாட்டை விழுங்கியது. இளவரசி செல்டா 100 ஆண்டுகளாகக் கோட்டைக்குள் அதைத் தனியாகத் தடுத்து நிறுத்தியிருக்கிறாள். அவளுடைய காவல் வீரன் லிங்க், உயிர் போகும் நிலையில் ஒரு குகையில் கிடத்தப்பட்டு, இப்போது நினைவெல்லாம் அழிந்து எழுந்திருக்கிறான். அவன் கையிலிருந்த வாள் டெக்கு மரத்தின் காலடியில் இருக்கிறது.

இந்தப் பயணத்துக்கு இரண்டு விதிகள் வைத்திருக்கிறேன். குதிரை ஏறுவதில்லை. டெலிபோர்ட் செய்வதில்லை. மேப்பில் ஒரு நீலப் புள்ளியைத் தொட்டால் நொடியில் அங்கே நிற்கலாம் என்பது தெரியும். ஆனால் டெக்கு மரம் இருக்கும் இடத்தில் நம்மிடம் கேட்கப்படும் விலை அப்படிக் கிடைப்பதில்லை. அதைச் சொல்லிவிட்டே நடக்கத் தொடங்குகிறேன்.

வாளை எடுக்க 13 இதயங்கள் வேண்டும்; இந்த விளையாட்டில் உயிரின் அளவு இதயம்தான். ஆட்டம் தொடங்கும்போது லிங்கிடம் இருப்பது மூன்று. நாடெங்கும் 120 ஷ்ரைன்கள், அதாவது சோதனை வைக்கும் சிறு கோயில்கள், சிதறிக் கிடக்கின்றன. மலை உச்சியில், நீர்வீழ்ச்சிக்குப் பின்னால், பாலைவன மணலில் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில். ஒன்றை முடித்தால் ஓர் ஒளியுருண்டை; நான்கு உருண்டைக்கு ஓர் இதயம். கேனன் பிடியில் உள்ள ராட்சத இயந்திரங்களான நான்கு தெய்வ மிருகங்களையும் மீட்டால் ஆளுக்கு ஒன்றாக நான்கு இதயம் வரும். மிச்சம் ஆறு இதயத்துக்கு 24 ஷ்ரைன்கள். மிருகங்களைத் தொடாமல் போனால் 40. கை வேகமோ சண்டைத் திறமையோ இந்தக் கணக்கில் செல்லாது. எவ்வளவு ஊர் சுற்றினாய், எத்தனை மழையில் நனைந்தாய் என்பது மட்டுமே செல்லும். விளையாட்டுகளில் நான் பார்த்த மந்திர மரங்களிலேயே, வருகிறவனிடம் 'நீ வாழ்ந்திருக்கிறாயா' என்று கேட்பது இது ஒன்றுதான்.

என் கணக்கில் இப்போது இருப்பது 12. கையில் மூன்று உருண்டைகள். இன்னும் ஒரு ஷ்ரைன் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளி – இரட்டைச் சிகரம்

காலக் கோயில் இருக்கும் பீடபூமியின் கிழக்கு விளிம்பிலிருந்து, காற்றில் மிதந்து இறங்க உதவும் பாராகிளைடரில் இறங்கி, ப்ராக்சிம் பாலம் தாண்டி, ஆற்றங்கரை ஓரமாகவே நடந்தேன். எதிரே ஒரு மலை நடுவில் பிளந்து நிற்கிறது. அந்தப் பிளவு வழியாகத்தான் ஆறும் ஓடுகிறது, சாலையும் போகிறது.

இந்த நிலத்தை எப்படி வரைந்தார்கள் என்று உருவாக்கியவர்களே விளக்கியிருக்கிறார்கள். குன்றுகளையும் மேடுகளையும் முக்கோணமாக அமைத்தார்களாம். முக்கோணம் கண்ணை உச்சிக்கு இழுக்கும். அதே சமயம் தனக்குப் பின்னால் இருப்பதை மறைக்கும். சுற்றிப் போகும்போது மறைந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். நடந்து போகிறவனுக்கு மட்டுமே புரிகிற வித்தை இது. பிளவைத் தாண்டியதும் இரட்டைச் சிகர லாயத்தின் குதிரைத் தலைக் கூரை தெரிந்தது. கொதிக்கும் பானை ஒன்று வாசலில். காளானும் ஆப்பிளும் போட்டுச் சமைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் படுத்தேன். ஹைரூலில் ஒரு நாள் என்பது நமக்கு 24 நிமிடம்.

சனி – ககாரிகோ

அக்கா மகள் இன்றிலிருந்து கூட இருக்கிறாள். ஆறாம் வகுப்பு. கன்ட்ரோலரைக் கேட்கவில்லை, மேப்பை மட்டும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

ககாரிகோ மலைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஷீக்கா மக்களின் ஊர். பூசணித் தோட்டம், கேரட் பாத்தி, காற்றில் ஆடும் மரத் தாயத்துகள், ஊர் முழுக்க மேயும் கோழிகள். கோழியை அடிக்கக் கூடாது. அடித்தால் கூட்டமாகத் திரும்பி வந்து கொத்தும். ஊருக்கு மேலே உள்ள மேட்டில் இருந்த ஷ்ரைனை இதுவரை விட்டு வைத்திருந்தேன். அதை முடித்ததும் நான்காவது உருண்டை சேர்ந்தது.

ஊர் நடுக் குளத்தில் சிறிய தேவி சிலை ஒன்று நிற்கிறது. அதன் முன்னால் வேண்டிக்கொண்டால் இரண்டில் ஒன்றைக் கேட்கலாம்: ஓர் இதயம், அல்லது ஓடவும் மலையேறவும் உதவும் தெம்பு. மழை பெய்யும் பாறையில் கை வழுக்கித் தவித்தவர்களுக்கு இரண்டாவதன் அருமை தெரியும். நான் இதயத்தைக் கேட்டேன். பதின்மூன்றாவது சிவப்பு வந்து உட்கார்ந்தது.

"சித்தி, பன்னெண்டு இருந்தா அந்த மரம் விடாதா?"

"மரம் விடும்மா. வாள்தான் விடாது. இழுக்க இழுக்க நம்ம உசிர எடுத்துக்கும். கைய விடாம இருந்தா செத்துருவோம்."

"அப்ப மஞ்ச இதயம்? சாப்பாடு சாப்பிட்டா வருமே?"

நல்ல கேள்வி. சில உணவுகள் தற்காலிகமாக மஞ்சள் இதயங்களைத் தரும். சாதாரண சண்டையில் அவை உயிரைக் காக்கும். வாளிடம் செல்லாது. கடன் வாங்கிய உயிரோடு போய் அங்கே நிற்க முடியாது.

ஞாயிறு – ஈரநிலம்

சஹஸ்ரா சரிவில் இறங்கி லனேரு ஈரநிலத்துக்கு வந்தோம். கோபோங்கா தீவில் ஒரு கிராமம் இருந்ததன் இடிபாடு. தண்ணீருக்குள் பல்லி வீரர்கள். மழை. இதைத் தவிர எழுத ஒன்றுமில்லை, வேகமாகக் கடந்து வடக்கே ஓர்செட் பாலத்தைப் பிடித்தோம்.

திங்கள் – காட்டோர லாயம்

கிரெனெல் குன்றுகளின் பக்கமாக ஏறி வந்தபோதுதான் அது முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்தது. மூடுபனிக்கு மேலே, ஒரு குன்றின் அளவுக்கு, இளஞ்சிவப்பாக. இங்கிருந்து ஒரு பார்வையில் மூன்றும் தெரிகின்றன: ஒரு பக்கம் கருஞ்சிவப்புப் புகை சுற்றும் கோட்டை, மறுபக்கம் நெருப்பு கக்கும் மரண மலை, நடுவில் இந்த மரம். பேரழிவு நடந்த இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு பச்சை மிச்சமிருக்கிறது. நான் சற்று நேரம் லிங்கை நகர்த்தவே இல்லை.

லாயத்தில் உட்கார்ந்து இந்த மரத்தின் பழைய கதைகளை அவளுக்குச் சொன்னேன். இங்கேயும் சொல்ல வேண்டும்.

டெக்கு மரம் முதலில் வந்தது 1998இல், நின்டெண்டோ 64இல் வந்த 'ஒக்கரினா ஆஃப் டைம்' விளையாட்டில். கோகிரி என்ற, வளராத குழந்தைகளின் காட்டுக்கு அது காவல். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தேவதை துணை உண்டு. லிங்குக்கு மட்டும் இல்லை. மரம்தான் நாவி என்ற தேவதையை அனுப்பி அவனைக் கூப்பிடுகிறது. தனக்குச் சாபம் வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி வாயைத் திறக்கிறது. அந்த விளையாட்டின் முதல் நிலவறையே மரத்தின் வயிறுதான். மேலே ஏறி, அங்கிருந்து குதித்து, தரையை மூடியிருக்கும் சிலந்தி வலையைக் கிழித்துக்கொண்டு வேருக்குள் விழ வேண்டும். அடியில் கோமா என்ற ஒற்றைக்கண் பூச்சி அரக்கி. அவளைக் கொன்று வெளியே வந்தால், மரம் நன்றி சொல்லிவிட்டு இறந்துபோகிறது. நாம் உள்ளே நுழையும் முன்பே அதன் முடிவு எழுதப்பட்டுவிட்டது, அதற்குத் தெரியும். தெரிந்தும் ஒரு சிறுவனுக்கு முதல் காரியத்தைக் கொடுத்து, அவனை ஆளாக்கி அனுப்புகிறது. முதல் வெற்றியின் கையில் ஒரு சாவையும் வைத்துக் கொடுத்த விளையாட்டு அது. ஏழு ஆண்டு கழித்து, காட்டுக் கோயிலைச் சாபத்திலிருந்து மீட்ட பிறகு, அதே இடத்தில் மண்ணை முட்டிக்கொண்டு ஒரு கன்று எழும். விளையாடியவர்களுக்கு அந்தக் கன்றின் முகம் மறக்காது.

2002இல் வந்த 'விண்ட் வேக்கர்' கதையில் ஹைரூல் கடலுக்கடியில் போய்விட்டது. தீவுகள் மட்டுமே மிச்சம். அங்கே கோகிரிக் குழந்தைகள் உருமாறி, இலையை முகமாக வைத்துக்கொண்ட கோரோக் என்ற குட்டி உயிர்களாகிவிட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரும் மரத்திடம் திரும்பி வந்து விதை வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு தீவுக்குப் பறந்து போய் நடுகிறார்கள். காடு வளர்ந்து வளர்ந்து, ஒரு நாள் தீவுகளை ஒன்றாக இணைத்து மறுபடியும் ஒரே நிலமாக்கும் என்பது மரத்தின் நம்பிக்கை. வாளெடுத்து நாட்டை மீட்பவர்கள் கதையில் நிறையப் பேர். விதை போட்டு மீட்கப் பார்ப்பது இந்த மரம் மட்டும்.

"அந்தக் குட்டிங்க இதுலயும் இருக்காங்கதானே? கல்ல தூக்குனா வருவாங்களே!"

இருக்கிறார்கள். நாடு முழுக்க 900 இடங்களில் ஒளிந்திருக்கிறார்கள். கல்லுக்கடியில், மரப் பொந்தில், பாலத்தின் அடியில். கண்டுபிடித்தால் ஒரு விதை கொடுப்பார்கள். சும்மா ஒரு ஒளிந்து பிடிக்கும் ஆட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. மரம் தன் பிள்ளைகளை நாடெங்கும் அனுப்பி வைத்திருக்கிறது. ஒவ்வொரு சிகரத்திலும் நாம் தனியாக நிற்கும்போது, பக்கத்தில் அதன் ஆள் ஒருவன் இருக்கிறான்.

செவ்வாய் – தொலைந்த காடு

தொலைந்த காடு இந்த வரிசையின் முதல் விளையாட்டிலேயே, 1986இல், இருந்தது. ஒரே திரை திரும்பத் திரும்ப வரும். வடக்கு, மேற்கு, தெற்கு, மேற்கு என்று சரியான வரிசையில் நடந்தால்தான் வெளியே வரலாம். 1991இல் வந்த 'எ லிங்க் டு தி பாஸ்ட்' அந்தக் காட்டுக்குள் பனிமூட்டத்தையும் வாளையும், கூடவே போலி வாள்களையும் வைத்தது. 1998இல் வழி காதில் இருந்தது: எந்தப் பொந்துக்குள்ளிருந்து பாட்டு பலமாகக் கேட்கிறதோ அதில் நுழைய வேண்டும். 2017இல் வழி காற்றில் இருக்கிறது.

வாசலில் எரியும் பந்தங்கள் நிற்கின்றன. மேப் இங்கே உதவாது. அவள் தன் பொறுப்பை மூடி வைத்துவிட்டுத் திரையருகே வந்து உட்கார்ந்தாள். பந்தத்திலிருந்து தீப்பொறிகள் ஒரு பக்கமாகப் பறக்கின்றன. அந்தப் பக்கம் நடந்தால் அடுத்த பந்தம். அதன் பொறி வேறு பக்கம் காட்டும். அப்படியே ஒவ்வொன்றாக. அம்புக்குறி கிடையாது, யாரும் சொல்லித் தருவதும் கிடையாது. நின்று, பொறி எங்கே போகிறது என்று பார்க்கும் பொறுமை போதும். ஓடினால் காற்று எப்போது திரும்பியது என்பதே தெரியாது.

காட்டில் உள்ள மரங்கள் பட்டுப்போனவை. பட்டையில் கண்ணும் திறந்த வாயுமாகக் குழிகள். இருட்டு சேரச் சேர அவை முகங்களாகின்றன.

"சித்தி, எல்லாத்துக்கும் வாய் இருக்கு. நம்மளப் பாத்து சிரிக்குதுங்க."

விலகிப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குக் காட்ட, வேண்டுமென்றே பொறிக்கு எதிர்ப்பக்கம் நடந்தேன். வெள்ளை மூட்டம் ஓரங்களிலிருந்து கூடி வந்தது. திரை முழுக்க வெளுத்தது. யாரோ குழந்தைகள் கிளுகிளுவென்று சிரிக்கும் சத்தம். கண் திறந்தால் மறுபடி வாசல். காயமில்லை, இழப்பில்லை. இந்தக் காடு யாரையும் தண்டிப்பதில்லை. இன்னும் தயாராகவில்லை என்று திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. மேலிருந்து பாராகிளைடரில் இறங்கிக் குறுக்கு வழி பார்க்கிறவர்களுக்கும் இதே மரியாதைதான்.

பாதி வழியில் நட்டு வைத்த பந்தங்கள் முடிந்துவிடும். கடைசிப் பந்தத்தின் பக்கத்தில் கைப்பந்தம் ஒன்று கிடக்கும். அதைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இனி பொறி பறப்பது நம் கையிலிருந்தே. நாலடி நடந்து, நின்று, பொறி சாயும் பக்கம் திரும்பி, மறுபடி நாலடி. காட்டின் இந்த இரண்டாம் பாதிதான் எனக்கு முதல் பாதியை விடப் பிடித்தது. அதுவரை வழி காட்டியது வேறு யாரோ வைத்த வெளிச்சம். இங்கே அதே காற்றை நம் வெளிச்சத்தைக் கொண்டு நாமே படிக்கிறோம். ஒரு வார்த்தை இல்லாமல் பாடம் சொல்லித் தந்து, உடனே பரீட்சையும் வைக்கிறார்கள்.

அவள்தான் கடைசி வரை சொல்லிக்கொண்டே வந்தாள். "இடது பக்கம். நில்லு. இப்ப நேரா." பாறைகளுக்கு நடுவே ஒரு குறுகிய சந்து வந்தது. மூட்டம் கலைந்தது.

புதன் – மரத்தடியில்

பச்சை வெளிச்சம். மரத்தைத் தட்டுகிற மாதிரியான மெல்லிய தாளத்தில் ஓர் இசை. புல்லெல்லாம் கோரோக் குட்டிகள், 'மிஸ்டர் ஹீரோ' என்று கூப்பிட்டுக்கொண்டு. முக்கோணக் கல்மேடையில் வாள். அதற்குப் பின்னால் நிற்பது முதலில் வெறும் மரமாகத்தான் தெரிகிறது, அவ்வளவு பெரியது. வாளருகே போனதும்தான் புருவமும் மூக்கும் அசைகின்றன. தூங்கி விழித்த பெரியவர் பேச்சு. நூறு ஆண்டுகள் காத்திருந்தவருக்கு எவ்வளவு பொறுமை இருந்தாலும் ஒரு எல்லை உண்டு என்று அது சொல்லும்போது, அதில் கோபத்தை விட நிம்மதிதான் எனக்குக் கேட்டது.

எச்சரித்துவிட்டு விலகிக்கொள்கிறது. பொத்தானை அழுத்திப் பிடித்தேன். இதயங்கள் ஒவ்வொன்றாக வற்றின. லிங்கின் முழங்கால் மடங்குகிறது, மூச்சு வாங்குகிறது. அவள் என் கையைப் பிடித்து, "விட்றாத சித்தி" என்றாள். கடைசி இதயத்தில் வாள் மேடையை விட்டு வந்தது.

பிறகு ஒரு நினைவு திரும்புகிறது. 100 ஆண்டுக்கு முன் செல்டா இதே வாளைச் சுமந்துகொண்டு இங்கே வருகிறாள். லிங்க் எங்கோ குகையில் கிடக்கிறான். நாடு எரிந்துகொண்டிருக்கிறது. அவன் எழுந்து இங்கே வரும்போது தன் சார்பாக ஒன்றைச் சொல்லிவிட முடியுமா என்று மரத்திடம் கேட்கிறாள். மரம் தடுக்கிறது. அந்த வார்த்தைகள் உன் குரலில் கேட்டால்தான் அழகு, அதனால் நீயே சொல் என்கிறது. அவள் புன்னகைத்து, வாளைக் கல்லில் இறக்குகிறாள்.

எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான், இன்றும் தொண்டை அடைத்தது. வாளை வாங்கி வைத்துக்கொள்கிற மரம், செய்தியை வாங்க மறுக்கிறது. கோட்டைக்குள் போகிற பெண்ணிடம், நீ உயிரோடு திரும்பி வந்து பேசுவாய் என்று இதை விடத் தெளிவாக யார் சொல்லிவிட முடியும்? அவள் 100 ஆண்டு தாக்குப் பிடித்ததில் மரத்தின் அந்த மறுப்புக்கும் பங்குண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மரத்தின் வயிற்றுக்குள் இந்த முறை நிலவறை இல்லை. கோரோக்குகள் நடத்தும் குட்டிக் கடையும், இலை மெத்தை போட்ட படுக்கையும் இருக்கின்றன. 1998இல் சாபம் குடியிருந்த பொந்தில் இன்று கடை போட்டிருக்கிறார்கள்! வெளியே ஹெஸ்டு, கோரோக்குகளிலேயே பெரியவன், கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு நிற்கிறான். சேர்த்த விதைகளை அவனிடம் கொடுத்தால் ஆடிக் காட்டி ஆயுதப் பையைப் பெரிதாக்கித் தருவான்.

2023 மே மாதம் வந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' தொடர்ச்சியில் இதே மரத்துக்கு நோய் வருகிறது. அடியில் ஒரு பிளவு திறந்து, கரும் நச்சு வேருக்கு ஏறி, கோரோக்குகள் எல்லாம் சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அப்போது பொறியைப் பார்த்து உள்ளே நுழைய முடியாது. பாதாளத்திலிருந்துதான் மேலே வர வேண்டும். அதைத் தனியாக எழுத வேண்டும், இந்த நல்ல நாளில் வேண்டாம்.

இப்போதைய வேலை வேறு. ஓக்கி என்ற பயந்த கோரோக் காட்டுக்குள் தனியாகச் சோதனைக்குப் போகிறான். அவனுக்குத் தெரியாமல் பின்னால் போக வேண்டும். அதை அவள் விளையாடுவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் கோட்டைக்குப் போகும் வழியைப் பார்த்து வைக்கிறேன். இந்த வாளின் பலம் சாதாரணமாக 30, கேனனின் நிழல் படும் இடங்களில் ஒளிர்ந்து 60. மற்ற ஆயுதங்கள் எல்லாம் உடைந்து சிதறும்; இது களைத்தால் பத்து நிமிடம் ஓய்வெடுத்துத் திரும்பி வரும். கோட்டை தெற்கே, பக்கம்தான். சொல்ல வேண்டியதைச் செல்டாவே சொல்லட்டும்.